ஈயம் போன சொம்பு

ஐயா,

தெருமுனையில் ஈயம் பூசுகிறவன் உட்கார்ந்திருக்கிறான். நவச்சாரப் புகை மூக்கில் ஏறியதுமே எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான். நீங்கள் போய் மூன்று வருஷமாகியும் என் வயிற்றை விட்டபாடில்லை.

புதுச்சத்திரம் பாவாயி கேஸை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. நீங்கள் சப்-இன்ஸ்பெக்டர், உங்களைவிடப் பத்து வயது மூத்த நான் ஸ்டேஷன் ரைட்டர். பாவாயி கொடுத்த மோரைக் குடித்த அவள் புருஷன் வாந்தியெடுத்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மருமகள் பாஷாணம் வைத்துவிட்டாள் என்று மாமியார் புகார். பால்குடிக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவளைத் துரத்திவிட்டார்கள்.

மோர் இருந்த பித்தளைச் சொம்பைக் கைப்பற்றப் போனோம். மாமியார் அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று நீட்டினாள்.

"ஊட்டுக்கு வந்த அதிகாரிங்க கையில எச்சச் சொம்பையா குடுக்கறது? நல்லாருக்குமுங்களா சாமி?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்களோ சொம்புக்குள் எட்டிப் பார்த்தீர்கள். "ரைட்டரே, உள்ளயும் மஞ்சளா மின்னுதுங்க. ஈயம் எங்க போச்சு?"

ஈயம் போன பித்தளையில் புளித்த மோர் கிடந்தால் களிம்பேறும், குடித்தால் வாந்திதான். அது ஊருக்கே தெரியும். "போன தையிலதானுங்க பூசினோம்" என்று மாமியார் சாதித்தாள். கிளம்பும்போது அவர்கள் வீட்டு மோரையும் ஒரு கலயம் கேட்டு வாங்கினீர்கள். தாகமாக்கும் என்று நினைத்தேன்.

வாந்தியைப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பியிருந்தோம். பதில் வர வாரக்கணக்காகும். பாவாயி தினமும் ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்பாள். பால் கசிந்து முந்தானை நனைந்திருக்கும்.

"எம்பட கொழந்தைய வாங்கிக் குடுத்துருங்க சாமி. அப்பறம் செயில்ல வேணாலும் போடுங்க."

கைது செய்து கேஸை முடித்துவிடலாம் என்றேன். நீங்கள் காதில் வாங்கவுமில்லை, காரணம் சொல்லவுமில்லை. உங்களிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான்.

மூன்றாம் நாள் வெயிலில் நாமக்கல் கோர்ட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தேன். உங்கள் மேஜையில் ஒரு சொம்பு மோர். எந்தச் சொம்பு என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. மடமடவென்று குடித்துவிட்டேன். அரை மணியில் கிணற்றடியில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. ஒரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டு, "இது எத்தனாவது தடவைங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதினீர்கள்.

"அதே ஊட்டு மோரு, அதே சொம்பு, ரெண்டு நாளு ஊறுனது. பாஷாணம் மட்டும் இல்லீங்க" என்றீர்கள்.

"எங்கிட்ட சொல்ல வாயில்லீங்களா?" என்று கத்தினேன்.

"எனக்குன்னு வெச்சதுங்க. நீங்க முந்திக்கிட்டீங்க."

நான் நம்பவில்லை. என் வாந்திக் கணக்கையும் டாக்டர் கையெழுத்தையும் காட்டி, மறுநாளே குழந்தையை வாங்கிப் பாவாயி மடியில் போட்டீர்கள். பாஷாணம் இல்லை, களிம்புதான் என்று சென்னையிலிருந்து பதில் வந்தபோது குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. அப்போதும் நான் உங்களை நம்பவில்லை.

உங்கள் காரியம் முடிந்த அன்று உங்கள் வீட்டம்மா உங்கள் பாக்கெட் நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். அவற்றில் ஒன்று இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது. நான் அந்த மோரைக் குடித்த நாளின் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்: "சாயங்காலம் ஆறு மணிக்கு மோர் குடிக்க வேண்டும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், குழந்தையை வாங்கித் தரும் வேலையை ரைட்டர் பார்த்துக்கொள்வார்."

யாரைக் கேட்டு இதை எழுதினீர்கள்? அவளைக் கைது செய்யச் சொன்னவன் ஐயா நான்.