சிங்குக்கு அடியில் அப்பா

அன்பு மகள் வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. அதுவும் உன்னைப் போலவே என் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பேரனுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? நாக்கால் துழாவ விடாதே, கோணலாக வரும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் அழுகை வந்துவிடும். அதனால் கடைசிவரை பொறுமையாகப் படி.

வீட்டை விற்றுவிட்டு நாங்கள் உன்னோடு வந்துவிடுவது என்று நீயும் நானும் பேசி வைத்திருந்தோம் அல்லவா, அதற்காகப் போன வாரம் புரோக்கர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பெயிண்ட் அடிக்க அளவெடுக்க வந்தவர் என்று அப்பாவிடம் ஒரு பொய் சொல்லி வைத்தேன். சமையலறை சிங்குக்கு அடியில் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, வாங்க வருகிறவர்கள் கண்ணில் முதலில் இதுதான் படும், சரிசெய்துவிடுங்கள் என்று என் காதோடு சொல்லிவிட்டுப் போனார். பிளம்பரோ இதோ வரேன் அதோ வரேன் என்று நாலு நாள் இழுத்தடித்தார். நான் பக்கெட்டை வைத்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன். பார்வை போன இந்த ஒன்றரை வருடமாக ஜன்னலோரத்து நாற்காலியே கதி என்று கிடந்த உன் அப்பா அப்போதுதான் எழுந்து வந்து, நான் பாக்கிறேன் என்றார். சிரிப்பதா பயப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை என்றேன். சிங்குக்கு அடியில கண்ணு தெரிஞ்சவன் மட்டும் என்னத்தப் பாத்தான், எல்லாரும் தடவித்தான் போடுறான் என்றார்.

சொன்னபடியே தடவித் தடவிப் பழைய குழாயைக் கழற்றினார். கழற்றிய துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி ஹார்டுவேர் கடைக்கு வந்தார். சிங்க் ஓட்டையில் உட்காருகிற சல்லடை, அதற்குக் கீழே மாட்டுகிற வளைகுழாய், ரப்பர் வாஷர் என்று கடைக்காரர் எடுத்து வைக்க வைக்க, இவர் ஒவ்வொன்றின் திருகு மரையிலும் விரலை ஓட்டிப் பார்த்து, இது வேணாம், மரை மழுங்கியிருக்கு என்று இரண்டைத் தள்ளி வைத்தார். கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, ஆமா சார் என்று அசடு வழிந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, வேண்டாத இரண்டு கொக்கியும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தரையில் துண்டை விரித்து, எல்லாவற்றையும் மாட்டுகிற வரிசையில் தானே அடுக்கிக்கொண்டு, மல்லாந்து படுத்து அலமாரிக்குள் தலையை நுழைத்தார். நான் பழக்கதோஷத்தில் டார்ச் அடித்தேன். யாருக்கு வெளிச்சம் காட்டுற, எறும்புக்கா என்று கேட்டார். அது போதாதென்று, அழுக்குத் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறதே என்று பக்கெட்டை எடுத்து அந்தச் சிங்கிலேயே கொட்டினேன். குழாய்தான் கழன்று கிடக்கிறதே! அத்தனையும் அவர் தலைமேல். முதலில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு உள்ளேயிருந்து, நல்லவேளை, நீயாவது கண்ணால பாத்து ஊத்தின என்று குரல் வந்தது. இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

புதுசை மாட்டித் தண்ணீர் விட்டால் சொட்டுகிறது. பழைய மனிதராக இருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும், உனக்குத் தெரியாததா. ரொம்ப முறுக்கிட்டேன், வாஷர் பிதுங்கிடுச்சு, என் தப்புதான் என்று எல்லாவற்றையும் நிதானமாகக் கழற்றினார். இந்த முறை நட்டைக் கையாலேயே இறுக்கி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் அரைச் சுற்று. சிங்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடச் சொன்னார். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் சுற்றிப் பிடித்து, அந்தக் காகிதத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். துளி ஈரம் இல்லை. இப்படி ஒரு கெட்டிக்காரரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும், இந்த ஒன்றரை வருடமாக அவருக்குச் சோற்றைக்கூட நான்தான் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தேன், என்னை என்ன சொல்ல.

பாராட்டலாம் என்று வாயைத் திறப்பதற்குள், கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார். இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்ல, வீட்ட வாங்குறவங்க நம்மளத் திட்டமாட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் போனில் குசுகுசுத்தது, அளவெடுக்க வந்தவர் அளவே எடுக்காமல் போனது, எல்லாம் தெரிந்திருக்கிறது வாண்டு. தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைவிட்டுப் போகிற வீட்டுக்கு, முன்பின் தெரியாத யாருக்காகவோ, அத்தனை அக்கறையாகக் குழாய் மாட்டியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உங்களுக்கு மக வீட்டுக்குப் போகணும்னு இருக்கா என்று கேட்டேன். வேணாம் என்றார். இதை அவரிடம் கேட்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லையே.

புரோக்கரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே, உன் அக்கறை எனக்குத் தெரியாதா. லீவுக்கு நீங்கள் மூவரும் இங்கே வாருங்கள். மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது மட்டும் என்னைக் கூப்பிடாதே, அப்பாவைக் கூப்பிடு. நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், நீ இன்னும் கேட்கவில்லை.

எப்போதும் உன் நினைவாக,
அம்மா