நாக்கின் இடது ஓரம்

மார்ச் 4

முதல் நோயாளி நாலு மாதக் குழந்தை. நாக்கு முழுக்க வெள்ளை. ஈரத் துணியால் துடைத்தேன், வெள்ளை உரிந்து வந்துவிட்டது, அடியில் சிவப்பு. பூஞ்சைதான், சொட்டு மருந்து போதும் என்றேன். "நெஜமாவா டாக்டர்?" என்று அம்மாக்காரி மூன்று தடவை கேட்டாள்.

சாயங்காலம் வீட்டில் இவர் கொட்டாவி விட்டார். நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண்.

"எத்தனை நாளா?"

"நேத்தோ முந்தாநாளோ. வலியெல்லாம் இல்லம்மா. இருபது வருஷமா வாய மூடுன்னுதான் சொன்ன, இன்னிக்கு ஏன் திறக்கச் சொல்ற?"

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பேசியே பிழைப்பவரின் வாய்க்குக் கேட்கவா வேண்டும்!

மார்ச் 5

எங்கள் பல் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைவாய்ப் பல்லின் முனை கூராக இருந்து நாக்கில் உரசுகிறது. தேய்த்து மழுக்கினேன். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனை. எல்லோருக்கும் சொல்வதுதான்.

மார்ச் 12

கொஞ்சம் சிறிதானது போல இருக்கிறது.

மார்ச் 19

சிறிதாகவில்லை. ஆனால் நேற்று சாப்பிடும்போது கடித்துக்கொண்டாராம். அப்படியென்றால் நேற்றிலிருந்துதானே எண்ண வேண்டும்? இன்னும் இரண்டு வாரம்.

மார்ச் 27

ஆறு வயதுப் பெண், வாயெல்லாம் கொப்புளம். அப்பா நடுங்கிப்போயிருந்தார். "கையக் காட்டு கண்ணு" என்றேன். உள்ளங்கையிலும் இருந்தது. வைரஸ், ஒரு வாரத்தில் தானே போய்விடும். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஊரார் வாய் என்றால் எனக்கு எவ்வளவு தெளிவு!

ஏப்ரல் 2

கிளினிக்கின் பெரிய டாக்டரம்மாவிடம் போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னேன். அவரிடம் நடிப்பு பலிக்குமா? எழுதாத ஒரு நோயாளிச் சீட்டை நீட்டினார்.

"உன் வீட்டுக்காரர்ங்கறத மறந்துடு. யாரோ ஒருத்தர்னு நெனச்சு எழுது."

எழுதினேன். ஆண், 53. நாக்கின் இடது ஓரம். ஒன்பது மில்லிமீட்டர். விளிம்பு கெட்டி. வலி இல்லை. பல்லை மழுக்கி நான்கு வாரம் ஆகியும் ஆறவில்லை. எப்போதிலிருந்து —

பேனா நின்றுவிட்டது. போன் போட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. எப்ப வந்துச்சு?"

"ஜனவரிலம்மா. நீ பயந்துடுவியேன்னு..."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. என்ன மனுஷன் இவர்? சரி, அவர் மறைத்தார், நீ என்னடி செஞ்ச? கண்ணால பாத்துட்டு நாள மாத்தி மாத்தி எண்ணினவ நீதானே! இந்தச் சீட்டை வேறு யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே துணுக்கு எடுத்திருப்பேன்.

ஏப்ரல் 3

டாக்டரம்மாவே துணுக்கு எடுத்தார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10

புற்றுநோய்.

ஆரம்பக் கட்டம். கழுத்தில் கட்டி எதுவும் இல்லை. ஓரத்தை மட்டும் வெட்டினால் போதும் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து சொன்னேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

"எவ்வளவு நாக்கு போகும்?"

"கொஞ்சம்தான்."

"மிச்சம் உங்கிட்ட சண்ட போடப் போதுமா?"

போதும் என்றேன். இந்த மனிதர் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் வேண்டாம்.

ஏப்ரல் 21

அறுவை முடிந்தது. கண் விழித்ததும் காகிதம் கேட்டார். "பசிக்குது" என்று எழுதிக் காட்டினார்.

மே 2

வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றனவாம், புற்று மிச்சமில்லை. ஆய்வகத் தாளை நான்கு முறை படித்தேன்.

ஜூலை 6

காலையிலேயே கிளினிக் வாசலில் மூன்று பேர். பல்வலியா என்றால் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள்.

"நாக்கக் காட்டிட்டு வந்தாத்தான் அடுத்த கிளாஸ்னு சார் சொல்லிட்டாரு."

மூவர் வாயிலும் ஒன்றுமில்லை. கடைசியாக எழுந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்: "சார் பேசறது இப்ப உங்களுக்கெல்லாம் புரியுதாம்மா?"

"கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு டாக்டர். ஆனா திட்டறப்ப நல்லாவே புரியுது."