முட்டிக்கு அடியில் வைத்த புடவை

திண்டிவனம்
19-9-1999

அன்பு மகள் அம்சாவுக்கு, உன் அப்பா மண்ணாங்கட்டி ஆசி சொல்லி எழுதச் சொன்னது. நானும் உன் மகன் சுகுமாரும் இருக்கிறோம். மஸ்கட்டில் உன் உடம்பு எப்படி? எழுதுகிறவர் பக்கத்து வீட்டு தேவசகாயம். சர்ச்சுக்குப் போய்த் திரும்பியவரைச் சட்டைகூட மாற்ற விடாமல் உட்கார வைத்திருக்கிறேன். "மெதுவா சொல்லுங்க பெரியவரே, ரயிலு கணக்கா போய்க்கினே இருக்கீங்க" என்கிறார்.

இங்கே நல்ல மழை. மண்டியில் மல்லாட்டை மூட்டை நனைந்து, கடலை காயாமல் எனக்கு நாலு நாள் மூட்டை தூக்குகிற வேலை இல்லை. அதுவும் நல்லதுதான், பையன் பக்கத்தில் இருக்க முடிந்தது.

சுகுமாருக்கு முட்டியில் ஆபரேஷன் முடிந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். ரத்தம் உறைவதற்கான மருந்தை ஏற்றி ஏற்றித்தான் கத்தி வைத்தார்கள். முட்டிக்குள் வீங்கிக் கெட்டுப்போன சவ்வை எடுத்துவிட்டு, பின்பக்கம் இழுத்துக்கொண்டிருந்த தசைநாரை நீட்டிவிட்டிருக்கிறார்கள். இப்போது கால் நேராக நீள்கிறது. குதிகால் தரையில் படுகிறது. மாவுக்கட்டைப் பாதியாக வெட்டி, ஓடு மாதிரி காலுக்கு அடியில் வைத்துக் கட்டிக்கொண்டு படுக்கிறான். இன்னும் மூன்று மாதம் அப்படித்தான். அதற்குள் மறுபடி மடங்கிவிட்டால் இன்னொரு தடவை திறக்க முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அம்சா, நீ எழுதுகிற எல்லாக் கடிதத்திலும் மருந்தைக் கேட்கிறாய், சாப்பாட்டைக் கேட்கிறாய். அவன் காலை மட்டும் கேட்பதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். விழுப்புரம் டாக்டர் இந்த ரத்தம் உறையாத நோய் தாய் வழியாக வருவது என்று சொன்ன அன்று, பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "என் ரத்தந்தான்பா எம்புள்ளைக்கு வெனை" என்றாய். அந்த மாதமே உன் புருஷன் உங்களை விட்டுப் போனான். ஆறாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மஸ்கட் போக நீ பஸ் ஏறினாய்.

எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் பார்த்தது மறக்காது. நீ பஸ் ஏறிய அன்று அவனுக்கு ஒன்பது வயசு. முட்டி வீங்கியிருந்தது. மடங்கியிருக்கவில்லை. ரோட்டு வரைக்கும் உன் பின்னால் நடந்து வந்தான்.

மடங்கியது அதற்குப் பிறகு. மடக்கியவன் நான்.

உள்ளே ரத்தம் கட்டி வலியில் துடிக்கும்போதெல்லாம், நீ விட்டுப்போன மயில்கழுத்து நிற வாயில் புடவையைத் திண்டு மாதிரி மடித்து முட்டிக்கு அடியில் வைப்பேன். காலை மடக்கி அதன்மேல் போட்டதும் வலி குறையும். புடவையில் முகத்தைத் தேய்த்துவிட்டுத் தூங்குவான். ஏழு வருஷம் இப்படித்தான். ஆபரேஷனுக்கு முன்னால், வீட்டில் எப்படிப் படுக்க வைப்பீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன் அம்சா. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "அப்படி மடக்கியே வெச்சிருந்ததாலதான் பெரியவரே, கால் அப்படியே நின்னுடுச்சி" என்றார். ரத்தம் கசிந்தது நோயால். கால் நீளாமல் போனது என்னால்.

சுகுமாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது செஞ்சி தாண்டும் வரை பஸ்ஸில் நீட்டி வைத்த காலையே பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம், "அத வெச்சாத்தான தாத்தா எனக்குத் தூக்கமே வந்துது" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முந்தாநாள் மத்தியானம் பயிற்சி முடிந்ததும் தாங்க முடியாத வலி. "அம்மா பொடவைய குடு தாத்தா" என்று கெஞ்சினான். மாட்டேன் என்றேன். "வைக்கக் கூடாதப்ப ஏழு வருசம் வெச்ச, இப்ப குடுக்க மாட்டன்றியா" என்று கத்தினான். பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டேன். மாவுக்கட்டு ஓட்டைக் கழற்றி முட்டிக்கு அடியில் வைத்தும்விட்டேன். உடனே தூங்கிப்போனான். சோறு ஒரு கொதி வரும்வரை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உருவி எடுத்தேன். அவன் விழித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பியவன்தான், இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அந்தப் புடவை இங்கே இருந்தால் என் கை சும்மா இருக்காது. அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற பாண்டுரங்கனிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். துவைத்துத்தான் மடித்தேன். நடுவில் தைலக்கறை போகவில்லை.

இன்னொன்றும் கேள். உன் அம்மாவின் தம்பி காது குத்திய நாலாம் நாள் ரத்தம் நிற்காமல் செத்துப்போனான். சாமி குற்றம் என்றார்கள். அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிப் போனவன் நான். இது உன்னோடு ஆரம்பித்ததில்லை மகளே. அவன் உடம்பைப் பார்த்து நீ முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒன்றுமில்லை.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. உன் முதலாளி வீட்டில் லீவு கொடுப்பார்களோ மாட்டார்களோ. வருகிற அன்று அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வா. உள்ளே வந்துவிடாதே, வாசலிலேயே நில். அவன் எழுந்து நடந்து வந்து அதைத் தொடட்டும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா
மண்ணாங்கட்டி
(இடது கைப் பெருவிரல் ரேகை)