ஆறாவது பங்கு

மார்ச் 3, திங்கள்

காலைக் கூட்டத்துக்கு இன்று முதல் டைமர். சுவர்த் திரையில் ஓடும். மேலே இருக்கும் கேமரா தலைகளை எண்ணி, பத்து நிமிடத்தை அத்தனை பங்காகப் பிரித்துக் கொடுக்கும். குடிநீர்க் குழாய்ப் புகார் பிரிவில், எங்கள் மேலாளரான லீட்டையும் சேர்த்து, நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம். பங்கு முடிந்தால் மணி. லீட் "அடுத்தது" என்பார். பாதி வார்த்தை வாயிலேயே நிற்கும்.

பக்கத்து சீட்டுக்காரன், நாங்கள் 'தாடி' என்று கூப்பிடுபவன், சொன்னான்: "சார், இதுல ஒண்ணு எங்க மாமியாருக்கு வேணும்." லீட்கூடச் சிரித்தார்.

விதிகள்: புகார்கள் முதலில், சொந்த விஷயம் கடைசியில். எதையும் கூட்டத்தில்தான் கேட்க வேண்டும். அவர் அறைக் கதவைத் தட்டக் கூடாது.

எனக்குப் பிடித்திருக்கிறது. சுருக்கமும் ஓர் ஒழுக்கம்தான்.

மார்ச் 6

அப்பா போன் செய்தார். குரல்வளையை எடுக்கப் போகிறார்களாம். இருபதாம் தேதி.

"உயிருக்கு ஒண்ணும் பயமில்ல. பேச்சு மட்டும் போயிடும்." பழைய சைக்கிளை விற்பதுபோல் சொன்னார். "அதுக்கு முன்னாடி வந்துட்டுப் போம்மா. வாய் இருக்கிறப்பவே பேசிடலாம்."

விடுப்புக் கேட்க வேண்டும்.

மார்ச் 10

திரையில் ஆறு பங்கு. இருந்ததோ ஐந்து பேர்.

"சேர்ல மழைக்கோட்டு கிடக்கே, அதை எண்ணியிருக்கும்" என்றார் லீட். கோட்டை எடுத்தோம். அப்போதும் ஆறு.

ஐவரும் பேசி முடித்த பிறகு ஆறாவது பங்கு ஓடத் தொடங்கியது. நிறுத்தியிருக்கலாம். யாரும் நிறுத்தவில்லை. ஒருவர் பேசும்போது எப்படி உட்காருவோமோ அப்படி உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. லீட் "சரி" என்று தலையாட்டினார்.

யாருக்கு?

என் பங்கு உடைந்த வால்வுக் கதையிலேயே தீர்ந்துவிட்டது. விடுப்புக் கேட்கவில்லை.

மார்ச் 12

ஏழு.

மார்ச் 13

கை கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தேன். எங்களில் மூத்தவள், இந்த அலுவலகத்தின் எல்லாக் காலங்களையும் பார்த்தவள்.

"டைமர் கெட்டுப் போச்சாக்கா?"

"அது வர்றதுக்கு முன்னாடி மட்டும் யாருடி சொல்ல வந்ததைச் சொல்லி முடிச்சாங்க? உன் சீட்ல ஒருத்தி இருந்தா. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டுக்கிட்டே இருந்தா."

"அப்புறம்?"

குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.

மார்ச் 17

எட்டு.

"சார், இருபதாம் தேதி எங்கப்பாவுக்கு—"

மணி. "அடுத்தது."

கதவைத் தட்டினேன். உள்ளிருந்தே குரல்: "கூட்டத்துல சொல்லும்மா."

ஒன்று கவனித்தேன். ஆளில்லாத பங்குகள் ஓடும்போது லீட் குறிப்பெடுக்கிறார். என் பங்கில் பேனா மூடியே இருந்தது.

மார்ச் 18

இன்று புகார்களைத் தொடவே இல்லை. என் பங்கு வந்ததும் "எங்கப்பாவுக்கு" என்றேன். உடனே மணி.

ஆனால் திரையில் நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் வந்தது தாடியின் வாயிலிருந்து. அதே மணி. அவன் வாயைப் பொத்திக்கொண்டான். "நான் பண்ணல... சத்தியமா நான் பண்ணல."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஊருக்குப் போகும் ரயிலில் எழுதுகிறேன். வேலை போனா போகட்டும். இதுக்கு மேல என்ன பண்றது?

மார்ச் 19

ஆஸ்பத்திரி. அப்பா காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். குரலில் சரளைக்கல் உருண்டது. இத்தனை வருடம் சொல்லாத கதை, இப்போது இல்லாத அம்மாவை முதன்முதலில் பார்த்தது.

"செம மழை. உங்கம்மா கையில குடை இருக்கு, ஆனா விரிக்கல. ஏங்க விரிக்கலன்னு கேட்டேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா—"

"அடுத்தது."

சொன்னது நான். என் வாய். சுவர்க் கடிகாரத்தில் கூட்டம் நடக்கும் நேரம்.

அப்பா சிரித்தார். "அடுத்தது யாரும்மா? நாம ரெண்டு பேர்தானே இருக்கோம்?" சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நர்ஸ் ஓடி வந்தாள். "இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது தாத்தா."

இருக்கிறது இரண்டு பேர்தானே?

மார்ச் 20

நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

மார்ச் 24

தாடி போன் செய்தான். "லீட் உன் சீட்டைக் கிழிச்சிட்டாரு, தெரியும்ல? ஆனா ஒண்ணு... நீ போயும் எட்டுதான் காட்டுது." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். சொல்லி முடிக்கவில்லை.

அப்பாவுக்கு இன்று உட்கார முடிகிறது. தாளும் பேனாவும் கொடுத்து, "குடையை ஏன் விரிக்கலையாம்?" என்று கேட்டேன்.

வியப்பாகப் பார்த்தார். எழுதினார்: *அன்னைக்கு ராத்திரி நீ தூங்கினப்புறம் முழுசா சொல்லிட்டேனே. நல்லாக் கேட்டுக்கிட்டாங்க.*

என் பக்கத்துக் காலி நாற்காலியைக் காட்டினார்.

எனக்காக மறுபடி எழுதச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார், தன் பங்கு முடிந்தவர்போல.