ஊறாத கரி

என் வாய்க்குப் பயந்தே வளர்ந்த தம்பி பாண்டிக்கு,

உனக்குத் திதி கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாலு பேர் கேட்க உன்னைத் திட்டியவள் நான். இதையும் நாலு பேர் கேட்கவே சொல்லப்போகிறேன்.

நீ கரி போட்ட பாத்தியில் இந்த ஆடியில் மறுபடி கத்தரி நட்டேன். ஒரு மூலை மட்டும் கருகருவென்று நிற்கிறது. மற்றதெல்லாம் ஏனோதானோ என்று இருக்கிறது. எந்த மூலை என்று உனக்குத் தெரியும்.

போன வருடம் குமுளி மலையில் ஏலக்காய்த் தோட்ட வேலையை விட்டுவிட்டு உத்தமபாளையத்துக்கு என் வீட்டோடு வந்தாய். பக்கத்துத் தோட்டம் செல்லையா அண்ணன் கவாத்து பண்ணி வெட்டிப்போட்ட திராட்சைக் குச்சியை எல்லாம் பொறுக்கி வந்து, டிரம்மில் அடைத்து மூட்டம் போட்டாய். சாம்பலாகும் முன்னே தண்ணீர் ஊற்றி அணைத்தாய். "இந்தக் கரி மண்ணுல கெடந்தா தண்ணியையும் உரத்தையும் பிடிச்சு வச்சுக்கும்க்கா" என்றாய். "மொதல்ல ஒங்கக்கா பாத்தியில வெளைய வச்சுக் காட்டு. அப்புறம் என் திராட்சைப் பந்தல் பூராம் நீதான் கரி போடணும்" என்று செல்லையா அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். மலையேறாமல் பிழைக்க உனக்கு இருந்த ஒரே வழி அது.

கரியை ஊறப்போடச் சாணமும் கோமியமும் கரைத்து வைத்தாய். அன்றைக்கென்று பார்த்து, மறுநாள் என் மகள் கோமதியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

"ஏலே, மாப்பிள்ளை வீட்டுக்காரக வர்றாக. வீடே நாறுது. இந்தக் கருமத்த எடு!"

"யக்கா, பதினஞ்சு நாள் ஊறணும். ஊறாமப் போட்டா மண்ணுல இருக்கிற சத்தக் கரியே உறிஞ்சிரும். செடி பட்டினி கெடக்கும்."

"போடுறதுன்னா இன்னைக்கே போடு. இல்லாட்டி தெருவுல எறிஞ்சிருவேன்."

சாணிக் கரைசலை நானேதான் சாக்கடையில் சாய்த்தேன். நீ ஊறாத பச்சைக் கரியையே பாத்தியில் கொத்திவிட்டுக் கத்தரி நட்டாய்.

ஒரே மாதத்தில் செடியெல்லாம் மஞ்சள். செல்லையா அண்ணன் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நீ என் முகத்தைப் பார்த்தாய். "நான்தான் ஊறவிடலை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன்? "இவன் தொட்டது எது அண்ணே வெளங்குச்சு?" அவர் சிரித்தார். நீயும் கூடச் சிரித்தாய். ஏன்டா சிரித்தாய்? என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே?

அதோடு விட்டேனா பாவி? போட்ட கரியை நீயே பொறுக்கு என்றேன். இரண்டு நாள் வெயிலில் குத்தவைத்துப் பொறுக்கினாய். காப்பி கேட்டபோது, கரிக்கையோடு டம்ளரைத் தொடாதே என்று தூர வைத்தேன். "அந்த மூலை மட்டும் கெடக்கட்டும்க்கா, இடுப்பு ஒடியுது" என்றாய். மறுநாள் மறுபடியும் குமுளிக்குக் கிளம்பினாய். கம்பம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. உன்னைக் குளிப்பாட்டியவர்கள், நகக்கண்ணில் இருந்த கரி போகவே இல்லை என்றார்கள்.

போன வாரம் செல்லையா அண்ணன் வேலியோரம் நின்று, ஒரு வருடமாக உன் கரி மண்ணிலேயே ஊறிக் கிடந்த அந்த மூலையைக் காட்டி, "இங்கன மட்டும் என்னத்த ஆத்தா போட்ட?" என்று கேட்டார். வாய் கூசாமல், "சாணிதாண்ணே" என்றேன். செத்த பிறகும் உன் பேரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, பார்த்தாயா?

அன்று ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு போய்த் தேடினேன். நீ பொறுக்கிய கரி மூட்டை மாட்டுக்கொட்டகையில் அப்படியே கிடந்தது. விடிந்ததும் சாணமும் கோமியமும் கரைத்து ஊறப்போட்டேன். டிரம் இப்போது முன்வாசலில் இருக்கிறது. கோமதிக்கு ஏழு மாதம். வளைகாப்பு பேச நாளைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். செல்லையா அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

கோமதி மூக்கைப் பொத்திக்கொண்டு, "எம்மா, அவுக வர்றாக. இத எடுத்துரும்மா" என்கிறாள்.

"இன்னும் ஒம்பது நாள் ஊறணும்டி" என்றேன்.

என்ன நாற்றம் என்று அவர்கள் கேட்கட்டும். உன் கை விளங்காத கை இல்லை, விளங்கவிடாதவள் நான்தான் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். ஊறிய கரியை நீ குத்தவைத்த இடத்திலேயே நானும் குத்தவைத்து, என் கையாலேயே போடுவேன்.

உன் பேரைக் கெடுத்த கூடப்பிறந்தவள்,
ராசாத்தி அக்கா