பத்துக்கு ஆறரை

என் செல்லக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அவருடைய முட்டிவலிகூட இந்த வாரம் லீவில் போயிருக்கிறது. நீயும் சுகம் என்று உன் கடிதத்தில் பார்த்தோம், ஆனால் மொத்தமே ஏழு வரி, அதில் ஒன்று தேதி. போன மாதமும் ஏழுதான். பிள்ளைக்கு வேலை அதிகம் என்கிறார் அப்பா. எனக்குத்தான் மனசு ஆறவில்லை, அங்கே ஏதோ சரியில்லை, எங்களிடம் மறைக்கிறாய் என்று நானாக நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

அது இருக்கட்டும், பள்ளிக்கூடத்துக் கதையைக் கேள். இந்த வருடம் ஏழாம் வகுப்புக்கு நான்தான் ஆங்கிலம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு கேள்வி கேட்டால் முப்பத்தெட்டு வாய்க்கும் பூட்டு. கட்டுரை எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் அதே ஐந்து வரி, என் வீடு பெரியது, என் வீடு அழகானது. சோம்பேறிகள் என்று ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளினேன். பக்கத்து மேசைக் கணக்கு டீச்சர், "உங்க சிவப்புப் பேனாவைப் பார்த்தா எனக்கே உதறுது, அதுங்க எப்படி எழுதும்" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே ஆளுக்கொரு மெல்லிய நோட்டுக் கொடுத்து, வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஆங்கிலத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், திருத்தமாட்டேன், கீழே பதில் மட்டும் எழுதுவேன் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை, அதே ஐந்து வரி. எனக்கோ கை நமநமவென்று அரித்தது, இருபத்தாறு வருடப் பழக்கம் லேசில் போகுமா, கடைசியில் பேனாவைக் கணக்கு டீச்சரிடமே ஒப்படைத்துவிட்டுப் பென்சிலில் பதில் எழுதினேன். வகுப்பிலும் கேள்வி கேட்டதும் பதிலை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், பிறகு எனக்குச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவேன். வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று உன் அம்மாவைக் கேள். நாலாவது வாரம், கடைசி பெஞ்சில் இருக்கும் ஒருத்தி, மௌனசாமி என்று பிள்ளைகளே பட்டம் கட்டிய பெண், மூன்று பக்கம் எழுதியிருந்தாள். துணி துவைக்கும் மெஷினுக்குள் பூனை குட்டி போட்டுவிட்டதாம், வீடே பதினைந்து நாளாகக் கையால் துவைக்கிறதாம். வரிக்கு நாலு தப்பு, ஆனால் நான் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. குட்டிகளுக்குப் பேர் வைத்தாயா என்று பதில் எழுதினேன். அடுத்த வகுப்பில் தானாகவே எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். நாலு குட்டி, அதில் ஓயாமல் கத்துகிற குட்டியின் பேர் மிஸ்.

அன்று சாயங்காலம் இதை அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார், பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து உன் முதல் கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். நீ அந்த ஊருக்குப் போன புதிதில் எழுதிய நாலு பக்கம். மேலே நான் சிவப்பில் போட்ட மதிப்பெண், பத்துக்கு ஆறரை. அதைப் பிரதி எடுத்து உனக்கே தபாலில் அனுப்பினேனே, விளையாட்டு என்றுதான் நினைத்தேன். இரண்டாம் பக்கத்தில், மதியம் துணைக்கு யாரும் இல்லை, மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் இரண்டு எழுத்துப்பிழைக்கு வட்டம் போட்டிருக்கிறேன். ஏன்டா தனியாக என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் நாலு பக்கம் இரண்டாகி, ஒன்றாகி, ஏழு வரியானது. தப்பு என்னுடையதுதான் கண்ணு, அம்மாவை மன்னித்துக்கொள்.

அந்தக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். இப்போது யாரோடு சாப்பிடுகிறாய்? இன்னும் அந்த மாடிப்படிதானா? நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், நீ நினைத்ததெல்லாம் கூடி வந்து நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். தப்புத் தப்பாக, பக்கம் பக்கமாக எழுது, மறக்காதே. சிவப்புப் பேனா இன்னும் கணக்கு டீச்சரிடம்தான் இருக்கிறது.

அந்தப் படியில் உன் பக்கத்தில் உட்கார ஆசைப்படும்
அம்மா