எதிர்த்தவர் எழுத வேண்டிய ஆறு வரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் இந்தத் தாளை எடுத்தேன். போன மாதம் நீ அனுப்பிய படத்தில் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது என்று அம்மா சொல்கிறாள், வெளிச்சம் சரியில்லாத இடத்தில் எடுத்த படம் என்று நான் சொன்னேன், இரண்டில் எது உண்மை என்று நீயே தெரிவி. உன் மாமா வீட்டு மாடி வேலை முடிந்துவிட்டது. அக்காள் புருஷன் ஒரு ஆர்க்கிடெக்ட் என்பதையே மறந்து மேஸ்திரியை வைத்தே மாடிப்படி கட்டிக்கொண்டார், மேலிருந்து மூன்றாவது படி மற்றதைவிட ஒன்றரை அங்குலம் உயரம், வீடு பார்க்கப் போன அத்தனை பேரும் அந்த இடத்தில் ஒரு தடுக்கு தடுக்கித்தான் மேலே போனார்கள். நான் வாயே திறக்கவில்லை. 'என்ன அத்தான், ஒண்ணுமே சொல்லலியே' என்று அவரே வந்து கேட்டார், 'கேக்காத இடத்துல நான் எதுக்குச் சொல்லணும்' என்றேன். அதற்கு அம்மா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது கிடக்கட்டும், நான் எழுத உட்கார்ந்த விஷயம் வேறு. மூன்று வாரத்துக்கு முன் நம் ஆர்க்கிடெக்ட் சங்கத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. வருஷா வருஷம் சங்கம் ஒருவருக்குச் சேவை விருது கொடுக்கும், உனக்குத் தெரிந்ததுதான், அது நல்ல கட்டடம் கட்டியவருக்கு அல்ல, மற்ற ஆர்க்கிடெக்ட்டுகளுக்காக உழைத்தவருக்கு, சங்கத்தை முன்னின்று நடத்தியவர், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று. கட்ட வராதவர்களுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். வருகிற பரிந்துரையெல்லாம் ஒரே புகழ்மாலையாக இருக்கிறது என்று சலித்துப்போய் இந்த வருஷம் ஒரு புது விதி போட்டிருக்கிறார்கள். புகழ்கிறவர்கள் மூன்று பேர் எழுதினால் போதாது, அந்த நபரோடு நாலு பேர் அறிய மோதியவர் ஒருவர் நான்காவது கடிதம் எழுத வேண்டும், அது யார் என்பதையும் பரிந்துரைக்கப்பட்டவரே சொல்ல வேண்டும். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் நான்காவது கடிதம் வராவிட்டால் மற்ற மூன்றையும் பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள். எனக்கு வந்த தாளில் ஒரே ஒரு கேள்விதான், 'இவர் உங்களுக்கு எதிராக நின்ற காலத்தில் உங்களிடம் எப்படி நடந்துகொண்டார்?' அதற்குக் கீழே ஆறு கோடுகள். மேலே இருந்த பெயர், நம் வீட்டில் நான் 'ரூல்புக்' என்று பெயர் வைத்த அந்த அம்மாளுடையது.

நூலகப் போட்டி நடந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது, வீட்டுக்குள் நான் போட்ட சத்தம் மட்டும்தான் உனக்கு நினைவிருக்கும், காரணத்தை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் வரைபடம் முதலாவதாகத் தேர்வானது, ஒரு வாரம் கழித்துத் தள்ளுபடியானது. ஷீட்டில் வரைந்தவர் பெயரோ அடையாளமோ இருக்கக் கூடாது என்பது போட்டியின் விதி. பெயரை நான் எங்கும் போடவில்லை. ஆனால் வடக்குத் திசையைக் காட்ட நான் போடும் குறி உனக்குத் தெரியுமே, பாதி கறுப்படித்த வட்டம், கீழே மீன்வால் போல ஒரு கோடு, கை தானாகப் போடுகிற குறி, அது ஏழு ஷீட்டிலும் இருந்தது. அதை வைத்து நடுவர்களில் ஒருவர் இது யார் கை என்று கண்டுபிடித்து மற்றவர்களிடமும் சொல்லிவிட்டார். போட்டியை நடத்திய செயலாளர் இந்த அம்மாள். 'குறியும் அடையாளம்தான் சார், எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு' என்று இரண்டே வாக்கியத்தில் என் ஒன்றரை வருஷ உழைப்பை ஓரமாக எடுத்து வைத்தார். வாயைத் திறந்த நடுவரை நீக்கியிருக்க வேண்டும், வரைந்தவனை அல்ல. பதினாலு வருஷமாக ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் எழுந்து நின்று நான் அவரைக் குத்தாமல் விட்டதில்லை, அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் நான் வரையவும் இல்லை.

உறையைக் கிழித்துப்போடத்தான் முதலில் கை போனது. கிழிக்கக்கூட வேண்டாம், எழுதாமல் இருந்தாலே போதும், அவர் கதை முடிந்தது. ஆனால் ஒரு கேள்வி என்னைக் குடைய ஆரம்பித்தது, பல் துலக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, ஆபீசில் அளவு போடும்போது. அவரோடு மோதியவர்கள் சங்கத்தில் ஒரு பஸ் நிறைய இருப்பார்கள், சமாதானமாகிப் போனவர் ஒருவர் பெயரைக் கொடுத்திருந்தால் தேனாக எழுதிக் கொடுத்திருப்பார், ஏன் போயும் போயும் என் பெயரைக் கொடுத்தார்? உறையில் அவருடைய சேவைக் குறிப்பும் இருந்தது. லைசென்ஸ் தேர்வில் தோற்றவர்களுக்குச் சங்கத்தின் பின்னறையில் பதினோரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறாராம், வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமைக்கு மேல் தவறியதே இல்லையாம். எந்த மனுஷரால் அது முடியும் என்று தோன்றியது. பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்து அந்த ஆறு கோட்டிலும் அதையே எழுதிவிடலாம் என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிட்டேன்.

சங்க அலுவலகத்தில் நாம் 'பூட்டு' என்று சொல்லும் அந்தப் பொறுப்பாளர்தான் இன்னும் இருக்கிறார், தண்ணீர் டம்ளரைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். 'என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா, சண்டை போடுற கூட்டத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே' என்றார். சனிக்கிழமை வகுப்பின் வருகைப் பதிவேடுகள் வேண்டும் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'படிச்சுட்டு அதே வரிசையில வைக்கணும், உங்களை நம்பித் தர்றேன்' என்று பதினோரு நோட்டையும் பின்னறை மேசையில் கொண்டுவந்து வைத்தார். அந்த அறைக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஜன்னல் ஓரமாக நான்கு வரைமேசை, ஒன்றின் கால் ஆடாமலிருக்க அட்டையை மடித்துச் சொருகியிருக்கிறார்கள், அலமாரி மேலே யாரோ எப்போதோ செய்த கட்டட மாதிரிகள் தூசி பிடித்து நிற்கின்றன, கரும்பலகையில் போன வாரம் வரைந்த ஒரு படிக்கட்டின் வெட்டுப்படம் அழிக்கப்படாமல் இருந்தது. படம் சுத்தமாக இருந்தது, தப்பு தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு உட்கார்ந்து சனிக்கிழமைகளை எண்ண ஆரம்பித்தேன். ஆறாவது வருஷத்தில் நான்கு சனிக்கிழமை விட்டுப்போயிருந்தது, சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். மற்ற வருஷங்கள் சரியாக இருந்தன. ஏழாவது நோட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தேன்.

உன் பெயர் இந்த ஊரில் பத்துப் பேருக்கு இருக்கும், இனிஷியல் வேறு போடவில்லை, அதனால் முதல் பக்கத்தில் யாரோ என்றுதான் தாண்டிப் போனேன். அடுத்த பக்கத்தில் வந்த நேரம் போடுகிற கட்டத்தில் இருந்த ஏழு, நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு, அது நான் உனக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதப் பழக்கிய ஏழு. திரும்பி வந்து முதலிலிருந்து எண்ணினேன். இருபத்து மூன்று சனிக்கிழமை. என்ன வரைந்து கொண்டுவந்தாய் என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் முதல் ஏழு வாரமும் படிக்கட்டு, படிக்கட்டு என்றே இருக்கிறது. உன் லைசென்ஸ் தேர்வு முடிவு ஆறு மாதம் தள்ளிப்போய்விட்டது என்று நீ வீட்டில் சொன்ன அதே ஆறு மாதம். அந்தச் சனிக்கிழமைகளில் நீ நீச்சல் பையை எடுத்துக்கொண்டு போனாய், காய்ந்த தலையோடு திரும்பி வந்தாய், ஒரு கதவு நிலை கால் அங்குலம் சாய்ந்திருந்தால் தெருவிலிருந்தே கண்டுபிடிக்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை. இந்த நகரத்தில் படிக்கட்டு என்றால் என் பெயரைச் சொல்வார்கள். என் மகள் படிக்கட்டு கற்றுக்கொள்ள என்னிடம் வரவில்லை.

நோட்டை மூடவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாளே வகுப்பெடுக்க வந்துவிட்டார், கக்கத்தில் சுருட்டிய ஷீட், கையில் டீ. என்னைப் பார்த்து அதிர்ச்சியெல்லாம் காட்டவில்லை. 'உக்காருங்க சார், பிள்ளைங்க வர இன்னும் கால் மணி ஆகும்' என்றார். நான் நேராகவே கேட்டேன், ஏன் என் பெயரைக் கொடுத்தீர்கள் என்று. சிரித்துவிட்டார். 'மத்தவங்க கோபமெல்லாம் ரெண்டு வருஷம், மூணு வருஷம், அப்புறம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்துடுவாங்க. எதிரின்னு கையைக் காட்ட எனக்கு மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான் சார்' என்றார். பிறகு மேசையில் விரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தார், டீயை ஓரமாக வைத்தார். இது என் மகள் என்று எப்போது தெரிந்தது என்று கேட்டேன். 'முதல் நாளே. இனிஷியல் போடாட்டி என்ன, ஷீட்டை விரிச்சதும் வடக்குக் குறியைப் பார்த்தேன், அந்தக் குறியை நான் மறப்பேனா' என்றார். அதற்குள் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள், நான் நோட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை. 'உங்களுக்குத் தெரியாதது இந்த வீட்ல இன்னும் எவ்வளவோ இருக்கு' என்றாள். தேர்வு முடிவைத் தாமதம் செய்கிறார்கள் என்று அப்போது நான் தேர்வு அலுவலகத்துக்கு நான்கு பக்கத்தில் ஒரு கண்டனக் கடிதம் எழுதித் தபாலில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்தேனே, அதை எடுத்து என் கையில் வைத்தாள், தையல் பெட்டிக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. படித்துப் பார்த்தேன், நல்ல நடை. ஒரு வாரமாக எனக்கு வேறு எந்த யோசனையும் ஓடவில்லை. அந்தப் படிக்கட்டுக் கேள்வியில் எங்கே சறுக்கினாய், தலை இடிக்காத உயரத்திலா, திரும்பும் இடத்திலா? இனிஷியலை ஏன் எடுத்தாய், எனக்கு அவமானம் வராமலிருக்கவா, நான் வந்து நிற்காமலிருக்கவா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நீ அங்கே போய்க்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் அந்த வருஷப் பொதுக்கூட்டம் நடந்தது. நான் மைக்கைப் பிடித்து, 'பின்னறை வகுப்புக்கு யாரு போறாங்க, வீட்ல சொல்லிக்குடுக்க ஆள் இல்லாததுங்கதான் போகும்' என்றேன். முந்நூறு பேர் சிரித்தார்கள். மேடையில் இருந்த அந்த அம்மாள் என்னைத் தரையோடு தரையாக்க ஒரே ஒரு வாக்கியம் போதும், அது அவர் கையில் இருந்தது. அவர் என்னைப் பார்த்து, 'குறிச்சுக்கறேன் சார், அடுத்த கேள்வி' என்றார், நிஜமாகவே நோட்டில் குறித்தும் கொண்டார். அன்று அவரை மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் நான்கு கூட்டம் நடந்துவிட்டது, நான்கிலும் நான் பேசியிருக்கிறேன், நான்கிலும் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

இப்போது என் முன்னால் அந்தத் தாள் இருக்கிறது. ஆறு கோட்டில் இரண்டை நிரப்பிவிட்டேன், நூலகப் போட்டியில் அவர் எடுத்த முடிவு தவறு, இன்றும் அப்படியே கருதுகிறேன் என்று, அதை மாற்ற மாட்டேன். கேள்விக்கு உண்மையான பதில் மீதி நான்கு கோட்டில் வர வேண்டும், அந்தப் பதில் உன்னுடையது. நீ தோற்றதும், மறைத்ததும், யாருக்குப் பயந்து மறைத்தாய் என்பதும் இல்லாமல் அதை எழுத முடியாது, தேர்வுக் கமிட்டியில் ஒன்பது பேர் படிப்பார்கள், அதில் மூன்று பேருக்காவது வாய் நீளம். அவர் நாலு வருஷம் வெளியே விடாத ஒன்றை உன்னைக் கேட்காமல் நான் எழுதிவிடக் கூடாது. நீ எழுதலாம் என்றால் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் இந்த இரண்டு வரியை மட்டும் அனுப்புவேன், அதைப் படித்தால் விருது அவருக்குக் கிடைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அப்போதும் நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்காக உன்மேல் மனத்தாங்கல் வைத்துக்கொள்ள மாட்டேன், மனத்தாங்கலை விடுவது எனக்கு வராத பழக்கம் என்று உனக்குத் தெரியும், பழகிக்கொள்கிறேன்.

நீ எடுத்த வேலையெல்லாம் நல்லபடி நடக்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். கட்டுமான இடத்துக்குப் போகும்போது தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்காதே, தலையில் போடு. ஒரு நினைவூட்டல், தாள் போய்ச் சேர வேண்டிய தேதி பதினைந்து. கடிதம் எழுத நேரம் இருக்காது, போன் செய். நம் போன் பேச்சு எப்போதும் மூன்றாவது நிமிஷத்தில் அம்மா கைக்குப் போய்விடும், இந்தத் தடவை பதிலை என்னிடமே சொல். நீ சொல்லி முடிக்கிறவரை நான் குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா